‘மொசார்ட்டிய’ என்ற சொல்லுக்கு ஒரு சான்று

அவைக்குத் தலைமை ஏற்று, அகராதிக்கே ஆயுளை அளித்து, அந்த உயரமான நாற்காலியில் கால் தரையில் படாமல் அமர்ந்திருக்கும் எங்கள் முன்னாள் முதன்மைப் பதிப்பாசிரியர் ஐயா அவர்களே, ஐயாவுக்கு அருகில் இருந்து என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருக்கும் அரங்கச் செயலாளர் அவர்களே, சொல்லுக்குச் சொல் சண்டையிட்டு, சாப்பிடும் வேளையிலும் சமாதானம் ஆகாத அகராதிக் குழுத் தோழர்களே, முன்வரிசையில் பேனாவை மூடியும் திறந்தும் காத்திருக்கும் பத்திரிகை விமர்சகர் அவர்களே, தோளில் தூங்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று கைதட்டாமல் தலையை மட்டும் அசைக்கும் தாய்மார்களே, கேட்டுக் கேட்டே காது பழுத்த பெரியோர்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் இளையோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் எளிய வணக்கம்.

எனக்கு அளித்த நேரம் சிறிது. அளித்த தலைப்போ பெரிது. மொசார்ட் என்ற மாபெரும் இசையமைப்பாளரின் பெயரிலிருந்து பிறந்த சொற்களும் அவற்றின் பயன்பாடும். முப்பத்தைந்து வயதில் மறைந்த ஒரு மனிதர், இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வீடுதோறும் வாசிக்கப்படுகிறார். அதில் வியப்பில்லை. ஆனால் அவர் பெயரோடு ஒரு விகுதியை ஒட்டி, வாலும் தோகையும் வைத்து, வசைக்கும் வாழ்த்துக்கும் வணிகத்துக்கும் நாம் வழங்குகிறோமே, அதில் வியப்புண்டு. வியப்போடு கொஞ்சம் பயமும் உண்டு. எனக்கு இன்று பயம்தான் கூடுதல்.

ஏன் என்று கேட்கிறீர்களா? இருங்கள், சொல்கிறேன். சற்றுமுன் இதே மேடையில் எங்கள் இசைச்சொல் அகராதியின் புதிய பதிப்பை ஐயா வெளியிட்டதைப் பார்த்தீர்கள். முதல் படியைப் பெற்றுக்கொண்டவர் இன்றைய பியானோக் கலைஞர். அவர் என் உடன்பிறந்த அக்கா. புகைப்படத்துக்குச் சிரித்தார். அங்கேயே நின்று நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு என் காதருகே குனிந்து, “விரலைக் கொஞ்சம் சூடு பண்ணிட்டு வந்துடறேன்டா” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தோடு பின்னாலிருக்கும் ஒப்பனை அறைக்குள் போனார். போனவர் இன்னும் வரவில்லை. செயலாளர் என்னைத் தனியே அழைத்து, “அவங்க வர்ற வரைக்கும் பேசிட்டே இருங்க. எதுக்கும் நிறுத்திடாதீங்க” என்றார். ஆகவே பேசுகிறேன். பேச்சு வன்மையால் அல்ல, பேசாமல் இருக்க வழியில்லாததால் பேசுகிறேன்.

என்னம்மா? சத்தம் கேட்கவில்லையா? இப்போது கேட்கிறதா? நல்லது. உங்களுக்குக் கேட்காவிட்டாலும் உள்ளே கேட்கும். ஒப்பனை அறைச் சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. இங்கே நான் இருமினால் அங்கே எதிரொலிக்கும். அதை நினைத்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் ஊதி ஊதி எடுத்து வைக்கிறேன்.

சொல்லுக்கு வருவோம். மொசார்ட்டியர் என்று ஒரு சொல் உண்டு. மொசார்ட்டின் மேல் மாளாக் காதல் கொண்டவர் என்று பொருள். எங்கள் தெருமுனையில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார், அவர் சுத்தமான மொசார்ட்டியர். பல்லைப் பிடுங்கும்போது மெல்லிய இசை, பல்லை அடைக்கும்போது துள்ளும் இசை, பணம் கேட்கும்போது மட்டும் இசையை நிறுத்திவிடுவார். அவர் எண்ணம் உயர்ந்த எண்ணம், நோயாளி வலியை மறக்க வேண்டும் என்பது. விளைவு என்ன தெரியுமா? எங்கள் தெருவில் எந்த வீட்டு வானொலியில் மொசார்ட் ஒலித்தாலும் போகிறவர் வருகிறவர் எல்லாரும் தாடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அன்பர்களே, சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே ஒன்றை மனத்தில் வையுங்கள். அன்பினால் ஒருவர் ஒட்டியதுதான், இன்னொருவர் வாயில் வலியாக மாறியது.

மொசார்ட் விளைவு என்று ஒரு தொடர். மொசார்ட்டைக் கேட்டால் மூளை வளரும் என்கிறார்கள். கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், கொஞ்ச நேரத்துக்கு, ஒரு வகைப் புதிரில் மட்டும், சற்றே முன்னேற்றம் தெரிந்தது. அவ்வளவுதான் செய்தி. அதை ஊதி, உருட்டி, உருவேற்றி, கருவிலிருக்கும் குழந்தைவரை கொண்டுபோய்விட்டார்கள் விற்பவர்கள். எங்கள் கீழ்வீட்டில் ஒரு குழாய்ப் பணியாளர் இருக்கிறார். மனைவி முழுகாமல் இருந்தபோது யாரோ சொன்னார்கள் என்று அவள் வயிற்றில் ஹெட்போனைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். “சார், நீங்க அகராதி ஆபீஸ்ல இருக்கீங்க. பாட்டு உள்ள போகுதா இல்ல வெளியவே நின்னுடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டார். எங்கள் அகராதியில் அதற்கு விடை இல்லை. குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்து மாடிப்படியில் பார்த்தேன். “என்னப்பா, பையன் எப்படி?” என்றேன். “மொசார்ட்டைப் போட்டா முழிச்சுக்கறான் சார். நான் பைப்பை ரம்பத்தால அறுத்தாதான் தூங்கறான்” என்றார்.

யார் அது, கடைசி வரிசையில்? “பியானோ எப்ப?” என்கிறீர்களா? ஐயா, உங்களைவிட எனக்கு அவசரம். அதோ பாருங்கள், அரங்கக் காவலர் இன்னும் அந்த பியானோ முக்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அதன் திருகு இறுகிவிட்டது. உயரம் ஏற மறுக்கிறது. முக்காலி தயாராகட்டும், கலைஞரும் தயாராவார்.

செயலாளரே, என்ன? காதில் சொல்லுங்கள்.

ஓ.

அவையோரே, கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

செயலாளர் சொன்னதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பனை அறையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. தட்டியதற்கு, “நான் அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டேன்னு தம்பிகிட்ட சொல்லுங்க” என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அகராதியில் மகர எழுத்துக்கு நான்தான் பொறுப்பு. அது ‘மொசார்ட்டிய’ என்ற பெயரடை இருக்கும் பக்கம். அதைத்தான் கடைசியில் சொல்லலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கடைசி முன்னால் வந்துவிட்டது.

கேளுங்கள். எங்கள் அகராதிக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதினால் போதாது, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்ட ஒரு சான்று வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை நாங்கள் இட்டுக்கட்டக் கூடாது. எங்கேயாவது அச்சில் வந்திருக்க வேண்டும். நல்ல விதி, நேர்மையான விதி. அந்த விதியால்தான் இந்த அகராதியை ஊரே நம்புகிறது. முதல் பதிப்புக்காக ‘மொசார்ட்டிய’ என்ற சொல்லுக்குச் சான்று தேடினார்கள். சல்லடை போட்டுச் சலித்தும் ஒரே ஒரு வாக்கியம்தான் அகப்பட்டது. ஒரு கச்சேரி விமர்சனத்தில் இருந்தது. “பன்னிரண்டு வயதுச் சிறுமியின் விரல்களில் மொசார்ட்டியத் தெளிவு புன்னகைத்தது.” அந்தச் சிறுமி என் அக்கா.

‘அவர், அவர்’ என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இனி ‘அவள்’ என்றே சொல்கிறேன். அக்காவைத் தம்பி அப்படிச் சொன்னால் யாரும் வழக்குப் போட மாட்டீர்கள்.

அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். அக்காவின் கவுனை அன்று மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, அதைக் கசக்கிவிடுவாளோ என்று அவளைப் பேருந்தில் உட்காரவே விடவில்லை. அங்கேயும் முக்காலி தகராறுதான், அவள் கைக்கு உயரம் போதவில்லை. முன்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து தம் கையிலிருந்த தடித்த புத்தகத்தை முக்காலியில் வைத்து, “உட்காரும்மா” என்றார். அந்த ஒருவர்தான் இன்று இந்த அவைக்குத் தலைவர். ஐயா எங்கே போனாலும் ஒரு கனமான புத்தகத்தோடுதான் போவார். அன்று அது பயன்பட்டது.

அகராதியில் அக்காவின் பெயர் இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் யாருக்குத் தெரியாது? அன்று முதல் அவள் குட்டி மொசார்ட். பள்ளியில் குட்டி மொசார்ட், கடைத்தெருவில் குட்டி மொசார்ட், பெண் பார்க்க வந்தவர்கள் வாயிலும் குட்டி மொசார்ட். ஊரே வாழ்த்தியது, ஊரே வாரி அணைத்தது. அப்படி அணைத்ததில் ஒருத்திக்கு மூச்சு முட்டியது யாருக்காவது தெரிந்ததா? ஒருத்திக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு.

அம்மா தானே ஒரு சொல்லை உண்டாக்கினாள். மொசார்ட்டுத்தனம். இது எந்த அகராதியிலும் இல்லை, ஏனென்றால் எங்கள் சமையலறைக்கு வெளியே அதற்கு வழக்கில்லை. உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது வெளியே தெளிவாய், இனிமையாய், அளவாய் அக்கா சிரிப்பாள் பாருங்கள், அதுதான் மொசார்ட்டுத்தனம். வேலை கிடைக்காத நாளில் வந்து சிரிப்பாள். நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன நாளில் வந்து சிரித்தாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “உன் மொசார்ட்டுத்தனத்தை எல்லாம் வெளிய வச்சுட்டு வா. எங்கிட்ட வேணாம்” என்பாள். அந்த ஒரு வாக்கியம் போதும், அக்கா உட்கார்ந்து அழுதுவிடுவாள். பிறகு இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். எனக்கும் ஒரு கப் கிடைக்கும்.

அம்மா போன வருடம் இறந்துபோனாள்.

வந்தவர்களுக்கெல்லாம் அக்கா நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். தெளிவாய், இனிமையாய், அளவாய்ச் சிரித்தாள். அன்று அந்தச் சொல்லைச் சொல்லி அவளை அழவைக்க அம்மா இல்லை. எனக்குச் சொல்லத் தெரியும், வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் அவள் மொசார்ட்டின் ஒரு சொனாட்டாவை, தனிப் பியானோவுக்கான ஒரு நீண்ட இசைப்படைப்பை, எடுத்தாள். அவர் தம் தாயை இழந்த அதே ஆண்டில் எழுதியது. நீங்கள் கேட்டிருக்கலாம். இடது கை ஒரே சுருதிக்கூட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி. வலது கை மேலே நின்று ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. வீட்டுப் பியானோவில் நடுமிதியை அழுத்தினால் கம்பிகளுக்கும் சுத்தியல்களுக்கும் இடையே ஒரு கம்பளிப் பட்டை இறங்கி ஓசையை அடக்கிவிடும். பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்வதற்கான வசதி. அவள் அந்தப் பட்டையை இறக்கி வைத்துக்கொண்டே பல மாதம் வாசித்தாள். அடுத்த அறையிலிருக்கும் எனக்கு இசை கேட்காது, மரத்தில் விரல்கள் விழுகிற சத்தம்தான் கேட்கும். “பட்டையை எடுத்துட்டு வாசியேன் அக்கா” என்றேன் ஒரு நாள். “இது யாருக்கும் பிடிக்காதுடா” என்றாள்.

ஒரு நாள் துணிந்தாள். ஒரு சின்ன அரங்கில், பட்டையில்லாத பியானோவில், அதை வாசித்தாள். நான் கேட்டேன். என் காதை நம்புவீர்களோ மாட்டீர்களோ, அன்றுதான் என் அம்மா இறந்தாள் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. “வாசித்தது மொசார்ட். வாசிப்போ மொசார்ட்டியமாக இல்லை. இச்சொல்லின் பொருளை அறிய அகராதியைக் காண்க.”

விமர்சகர் ஐயா, எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள், தயவுசெய்து உட்காருங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இருந்தது, மறைப்பானேன், உங்கள் பத்திரிகையை ஒரு மாதம் நிறுத்தியே வைத்தேன். இப்போது இல்லை. நீங்கள் உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தீர்கள். சந்தேகம் வந்தது, அகராதியைத் திறந்தீர்கள். அகராதி உங்களுக்கு ஒரு சிறுமியைக் காட்டியது. அந்தச் சிறுமி மாதிரி இந்தப் பெண் வாசிக்கவில்லை என்று எழுதினீர்கள். அந்தச் சிறுமியும் இந்தப் பெண்ணும் ஒருத்தியே என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எங்கள் அகராதியில்தான் பெயரே இல்லையே.

அவையோரே, எண்ணிப் பாருங்கள். யாரோடும் போட்டி போட்டு வெல்லலாம், பன்னிரண்டு வயதில் இருந்த தன்னோடே போட்டி போட்டு யார் வென்றிருக்கிறார்கள்? நீங்கள் வென்றீர்களா? நான் வென்றேனா? அவளை மட்டும் அந்தக் கவுனுக்குள்ளேயே நிற்கவைத்து, ஏன் பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று கேட்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

அன்று மூடிய பியானோ மூடியை இன்றைக்காகத்தான் திறந்தாள். இன்று அதே சொனாட்டாவை வாசிக்கப் போவதாக என்னிடம் மட்டும் சொன்னாள். அழைப்பிதழில் என்ன அச்சாகியிருக்கிறது? உங்கள் கையில்தான் இருக்கிறது, பாருங்கள். ‘ஒரு மொசார்ட்டிய மாலை.’ செயலாளரே, அழகுக்காகப் போட்டீர்கள், தெரியும். அதைத் தாண்டி மேடைக்கு வந்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள்.

ஏன் அந்த வாக்கியம் புதிய பதிப்பிலும் இருக்கிறது? நான் எதிர்த்தேன். குழுவில் என் எதிரே உட்கார்ந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். “எடுத்துடலாம். ஆனா வேற வாக்கியம் கொண்டாங்க. அச்சுல வந்ததா இருக்கணும்” என்றார்கள். சரிதானே? விதி விதிதானே? தேடினேன். பழைய பத்திரிகைகளில் தலையை விட்டுத் தும்மித் தும்மித் தேடினேன். ‘மொசார்ட்டிய’ என்ற சொல் எத்தனையோ இடத்தில் இருந்தது. எல்லா இடத்திலும் அதே தெளிவு, அதே புன்னகை, அதே விரல்கள். ஊரே எங்களைப் பார்த்து எழுதியிருந்தது. நாங்களோ அவளைப் பார்த்து எழுதியிருந்தோம். ஒரு வட்டம், அதற்கு வாசலே இல்லை. அந்த வட்டத்துக்கு நடுவில் ஒருத்தி முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் கேட்கிறேன். தெளிவு மட்டுமா மொசார்ட்? புன்னகை மட்டுமா மொசார்ட்? கடைசியில் முடிக்க முடியாமல் விட்டுப்போன அந்த இரங்கல் இசை யாருடையது? தாய் போன ஆண்டில் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் அந்த இடது கை யாருடையது? மொசார்ட் எழுதியதே மொசார்ட்டியமாக இல்லை என்றால், பிழை எழுதியவரிடமா, வாசித்தவளிடமா, சொல்லிடமா? ஒரு மனிதரின் பெயரை எடுத்துக்கொண்டோம். அவர் சிரிப்பை மட்டும் வடிகட்டிச் சீசாவில் அடைத்தோம். அவர் அச்சத்தைக் கொட்டிவிட்டோம். கொட்டியதை ஒருத்தி குனிந்து அள்ளினால், இது உன் வேலை இல்லை என்று கையைத் தட்டிவிடுகிறோம்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். கைதட்டலில் அந்தத் தாழ்ப்பாளின் சத்தம் எனக்குக் கேட்காமல் போய்விடும்.

ஐயா. தலைவர் ஐயா. சின்னவன் கேட்கிறேன், சபையில் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சான்றை என்ன செய்வது?

ஐயா பேசுகிறார், ஒலிவாங்கியை அவரிடம் நீட்டுகிறேன். “எடுத்துடலாம்பா. இன்னிக்கு அவ வாசிக்கட்டும். கேட்டுட்டு விமர்சகர் எழுதட்டும். அச்சுல வரும். அதையே அடுத்த தடவை போட்டுடுவோம்.” கேட்டீர்களா? எவ்வளவு பெரிய மனசு. விமர்சகரும் தலையாட்டுகிறார். நீங்களும் தலையாட்டுகிறீர்கள்.

நான் மட்டும் தலையாட்டவில்லை. வேண்டாம் ஐயா.

மன்னியுங்கள், நீங்கள் கொடுப்பது பெரிய மரியாதை. ஆனால் பழைய சான்றிலிருந்து இறக்கிப் புதிய சான்றில் ஏற்றிவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து, “அன்று அழவைத்தாளே, இன்று ஏன் அழவைக்கவில்லை?” என்று யாராவது அகராதியைத் திறந்து பார்ப்பார்கள். அவள் அன்று சிரித்தாள் என்பதற்காக நாளெல்லாம் சிரிக்க வேண்டியதில்லை. இன்று அழுதாள் என்பதற்காக நாளெல்லாம் அழ வேண்டியதும் இல்லை. அந்த இடத்தைச் சும்மா விடுங்கள் ஐயா. சொல் இருக்கட்டும், பொருள் இருக்கட்டும், சான்று இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். எங்கள் விதியை மீறுகிறேன், தெரியும். குழுத் தோழர்கள் என்னை முறைக்கிறார்கள், அதுவும் தெரிகிறது. சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

ஐயா? என்ன சொல்கிறீர்கள்? யோசிக்கிறார். ஐயா யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றிவிட்டார்.

“சரி. காலியா விடு.”

அவையே சாட்சி. நன்றி ஐயா.

இனி நான் உங்களோடு பேசவில்லை, அன்பர்களே. ஒரு நிமிடம் பொறுங்கள். சுவரில் இருக்கும் அந்தப் பெட்டியோடு பேசுகிறேன்.

அக்கா, கேக்குதா? நான்தான். ஐயா சொன்னதைக் கேட்டிருப்பே. நீ இப்ப எதுக்கும் சான்று இல்ல. வாசிக்கணும்னா வா. வாசிக்க வேணாம்னா, பின்பக்கக் கதவு வழியா வீட்டுக்குப் போயிடு, சாவி என் பையில இருக்கு, பை வெளிய ஆணியில தொங்குது. இவங்களை நான் பாத்துக்கறேன். நாற்காலியைத் தூக்கி அடிச்சா குனிஞ்சுக்கறேன். ஆனா ஒண்ணு. அம்மா சொல்றது ஒண்ணு இருக்கே, அதை அம்மா போன அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், வாய் வரல. இப்பச் சொல்றேன், இத்தனை பேரு முன்னாடி. உன் மொசார்ட்டுத்தனத்தை எல்லாம் வெளிய வச்சுட்டு வா. எங்ககிட்ட வேணாம்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன், செயலாளரே. கையைக் காட்டாதீர்கள். இனி பேச என்னிடம் ஒன்றும் இல்லை. காத்திருப்போம்.

அந்தக் குழந்தை அழட்டும் அம்மா, பரவாயில்லை. பிள்ளையின் வாயைப் பொத்தாதீர்கள்.

தாழ்ப்பாள். கேட்டதா? எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதா?

வருகிறாள்.

எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள். முகத்தைக் கழுவாமல் வந்திருக்கிறாள். கண் சிவந்திருக்கிறது. சிரிக்கவில்லை. என் அக்கா ஒரு மேடையில் சிரிக்காமல் நடந்து வருவதை இப்போதுதான் பார்க்கிறேன். கையில் புத்தகம் இருக்கிறது, நம் புதிய அகராதி. முக்காலியைப் பார்க்கிறாள். காவலரே, விட்டுவிடுங்கள், அது ஏறாது. உட்கார்ந்து பார்க்கிறாள். தாழ்வாக இருக்கிறது. எழுந்துவிட்டாள். என்ன செய்யப் போகிறாள்? ஐயாவைப் பார்க்கிறாள். புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்.

ஐயா சிரிக்கிறார். “உட்காரும்மா” என்கிறார்.

முக்காலியில் அகராதியை வைத்துவிட்டாள். அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். உயரம் சரியாக இருக்கிறது. அகரம் முதல் அத்தனை சொற்களும், மகரத்தின் காவல்காரனாகிய நானும் சேர்ந்து செய்த வேலைக்கு இதைவிட நல்ல பயன்பாடு இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

நன்றியுரை நீளமாகத் தயாரித்து வந்தேன். தலைவருக்கு, செயலாளருக்கு, ஒலியமைப்பாளருக்கு, விமர்சகருக்கு, பொறுமையாய் இருந்த உங்களுக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றி. அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

தொடக்கத்தில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். ஒருத்தியை விட்டுவிட்டேன். அக்கா, வணக்கம். ஒலிவாங்கியை அணைக்கிறேன்.